பனிக்காலையும் டீசல் இன்ஜினும்: வாசகர் கேள்வி–பதில்

கரடுமுரடான பாதைகளில் ஓடும் டீசல் வண்டிகளை வைத்திருக்கும் வாசகர்கள், குளிர்ந்த நிலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் வெவ்வேறானவை என்றாலும், பெரும்பாலான கடிதங்களில் ஒரு செய்தி பொதுவாக இருக்கிறது: எதையும் அளந்து பார்ப்பதற்கு முன்பே பாகங்கள் மாற்றப்பட்டுவிட்டன.

கேள்வி: என்னிடம் இருப்பது மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய நான்கு சக்கர இயக்க வண்டி. சூடாக இருக்கும்போது சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இரவு முழுவதும் நின்ற பிறகு, குளிர்ந்த காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது வெள்ளைப் புகை நிறைய வருகிறது. சிலிண்டரின் உள்ளே மின்சாரத்தால் சூடேற்றும் நான்கு க்ளோ பிளக்குகளையும் புதிதாக மாற்றியும் பயனில்லை. அடுத்து, டீசலைச் சிலிண்டர்களுக்குச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்ற வேண்டும் என்று பணிமனையில் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். பம்பின் மீது பெரிய குற்றம் இல்லை என்பதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது வருகிற வெள்ளைப் புகை என்பது எரியாமல் ஆவியாக வெளியேறும் டீசல்தான். சிலிண்டருக்குள் டீசல் போய்ச் சேராமல் அந்தப் புகை வராது. புகையே வரவில்லை என்றால்தான் டீசல் வரும் வழியை முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலும், உட்பாகங்கள் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதிகத் தொல்லை கொடுக்கும். சூட்டில் டீசலின் அடர்த்தியும் பிசுபிசுப்பும் குறைந்து, தேய்ந்த இடைவெளிகளின் வழியே எளிதாகக் கசிந்துவிடுவதே அதற்குக் காரணம். உங்கள் வண்டியில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அமுக்க விகிதம் 20-க்கு 1 (அதாவது, காற்று இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது) என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளே நுழையும் காற்று அமுக்கத்தின் முடிவில் ஏறத்தாழ 580 டிகிரியை எட்டும் என்பது தோராயமான கணக்கு. அதே காற்று உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் நுழைந்தால் 480 டிகிரி அளவோடு நின்றுவிடும். இதற்கு மேல், குளிர்ந்து கிடக்கும் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் அந்தச் சூட்டில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன; இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ரிங்குகளைக் கடந்து காற்று நழுவவும் நேரம் கிடைத்துவிடுகிறது. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் க்ளோ பிளக் இருக்கிறது.

பிளக்குகள் புதியவை என்கிறீர்கள். அவற்றுக்கு மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று யாரும் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. டாஷ்போர்டில் க்ளோ விளக்கு எரிந்து அணைவதை நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு நேரத்தைக் கணக்கிடும் பெட்டியின் வேலையை மட்டுமே காட்டும், பிளக் சூடானதா என்பதைக் காட்டாது. குளிர்ந்த இன்ஜினில் சாவியை க்ளோ நிலையில் வைத்துவிட்டு, பிளக்குகளை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் பிளக்குகளாக இருந்தால், பேட்டரியின் மின்னழுத்தத்தைவிட ஒரு வோல்ட் வரை குறைவாகக் காட்டுவதில் தவறில்லை. எதுவுமே காட்டவில்லை என்றால் ரிலே, பெரிய ஃபியூஸ், ரிலேயிலிருந்து வரும் தடித்த கம்பி ஆகியவற்றில் ஒன்று பழுது. சேற்றிலும் நீரோடைகளிலும் இறங்கி ஏறும் வண்டிகளில் இந்த ரிலேயின் முனைகள் பச்சை பூத்து அரித்துப்போவது வழக்கமான காட்சி. ரிலேயில் 'டிக்' என்ற சத்தம் கேட்பதாலேயே உள்ளே மின்சாரம் கடக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மின்னழுத்தம் சரியாக இருந்தால் கிளாம்ப் மீட்டரைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கலாம். மாதிரிக்கு மாதிரி எண்கள் மாறினாலும், உலோக வகைப் பிளக்குகளில் பல, தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுத்து, சூடேறியபின் 10 ஆம்பியர் அளவுக்கு இறங்கும். நான்கு பிளக்குகளின் கூட்டுத்தொகையில் ஒரு பங்கு குறைந்திருந்தால் ஒன்று வேலை செய்யவில்லை என்று பொருள். பிளக்கின் மின்தடையை அளந்து முடிவுக்கு வருவது எளிதாகத் தோன்றினாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு: நல்ல பிளக்கின் தடையே ஒரு ஓம் அளவுதான் என்பதால், மீட்டர் கம்பிகளின் தடையே அளவீட்டைக் குழப்பிவிடும். அறுந்துபோன பிளக்கைக் கண்டுபிடிக்க அந்த முறை போதும். அரைகுறையாக வேலை செய்வதைக் கண்டுபிடிக்கப் போதாது. பிளக்கைக் கழற்றி நேரடியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. புதிய தலைமுறை இன்ஜின்களில் வரும் செராமிக் பிளக்குகளும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் பிளக்குகளும் 12 வோல்ட்டை நேரடியாகத் தாங்காமல் நொடிகளில் பாழாகிவிடும் என்பதால், வகை தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, இன்ஜினும் விறுவிறுவென்று சுற்றுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை வால்வு இடைவெளி, பம்பின் டைமிங் (டீசலைச் செலுத்தும் தருணம்) ஆகிய இரண்டும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் இதே வெள்ளைப் புகை வரும். சில சுழல் வகைப் பம்புகளில் குளிர்ந்த நிலையில் டைமிங்கை முன்தள்ள மெழுகு அடைத்த ஒரு சிறு கருவி இருக்கும். அது இறுகி நின்றுவிட்டால் காலையில் மட்டும் தொல்லை தெரியும். பம்ப் வண்டியிலேயே இருக்கும்போதே இவற்றைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் வண்டியில் புதிய பேட்டரி போட்டிருக்கிறேன். ஆனாலும் குளிரில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் அது கடைசியில் வர வேண்டிய முடிவு. டீசல் இன்ஜின் பற்றிக்கொள்ள நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுகளாவது தேவைப்படும். அதற்குக் கீழே இறங்கினால் க்ளோ பிளக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. குளிர் மூன்று பக்கமும் தாக்குகிறது: பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது, இன்ஜின் ஆயில் கெட்டியாகிறது, கியர் பெட்டியின் ஆயிலும் கெட்டியாகிறது.

முதலில் பேட்டரி. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 காட்டினால் அதில் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. வின்ச், கூடுதல் விளக்குகள், குளிர்பெட்டி என்று மின்கருவிகளை ஏற்றி வைத்திருக்கும் வண்டியில், ஏதேனும் ஒன்று இரவெல்லாம் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தால், புதிய பேட்டரியும் காலையில் பழைய பேட்டரியைப் போலவே நடந்துகொள்ளும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பேட்டரி தாங்குகிறது, ஆனாலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால், கேபிள்களின் பக்கம் திரும்ப வேண்டும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றொன்றைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டிலும் வையுங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதே போலப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி; சேறு ஒட்டி, ஈரம் தங்கி, பெயின்ட்டுக்கு அடியில் துரு ஏறி, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அது பாதி மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு அளவீடுகளும் சரியாக வந்த பின்னும் சுற்று மந்தமாக இருந்தால், அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம்.

ஆயிலைப் பற்றி ஒரு சொல். ஆயிலின் பெயரில் உள்ள முதல் எண் குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் குறிக்கிறது. 15டபிள்யூ வகை ஆயிலின் சுழற்றும் தடை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கப்படுகிறது. 5டபிள்யூ வகைக்குச் சோதனை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் நடக்கிறது. கையேடு அனுமதித்தால் குளிர்காலத்தில் குறைந்த எண்ணுக்கு மாறுவது கண்கூடான வேறுபாட்டைத் தரும். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொள்வதும் உதவும். நியூட்ரலில் இருந்தாலும் கியர் பெட்டியின் உள்தண்டு கெட்டியான ஆயிலைக் கிளறிக்கொண்டுதான் சுற்றுகிறது.

கேள்வி: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது; ஆனால் புகை துளியும் வருவதில்லை. டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, அது கெட்டியானதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மேட்டில் முன்பக்கம் உயர்ந்தபடி நிறுத்தினால் மறுநாள் இன்னும் மோசம். எங்கும் டீசல் ஒழுகவில்லை.

பதில்: நோயையும் அதன் இடத்தையும் நீங்களே பாதிக்கு மேல் சொல்லிவிட்டீர்கள். இது ஏர் பிடிக்கும் கோளாறு. டேங்க் பின்னால் இருக்கும் வண்டியில், முன்பக்கம் உயர்ந்து நின்றால் குழாயில் உள்ள டீசல் இரவெல்லாம் மெல்லப் பின்னோக்கி இறங்குகிறது. எங்கோ ஒரு நுண்ணிய இடைவெளி வழியே காற்று நுழையாமல் அது இறங்க முடியாது. டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், இன்ஜின் ஓடும்போது அங்கே டீசல் வெளியே ஒழுகுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது; 'எங்கும் ஈரம் இல்லை' என்பது கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குவதால் பகலில் அடைந்திருந்த இடைவெளி இரவில் திறந்துகொள்கிறது.

சோதனைக்கு, பம்புக்கு முன்னும் பம்பின் திரும்பு குழாயிலும் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். குமிழிகள் எங்கே தோன்றுகின்றன என்று கண்ணாலேயே தெரியும். இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு. தூய டீசல் நிரப்பிய ஒரு சிறு கேனைப் பம்பைவிட உயரத்தில் வைத்து, தனிக் குழாய் வழியே பம்புக்கு இணைத்து, திரும்பு குழாயையும் அதே கேனில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் இன்ஜின் உடனே பற்றிக்கொண்டால் பம்பும் இன்ஜெக்டர்களும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனைகள்) நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு பம்புக்கும் டேங்குக்கும் இடைப்பட்ட பகுதியில்தான். அங்கே ஃபில்டரின் மேல் வளையம், அதன் அடியில் உள்ள நீர் வடிக்கும் திருகு, கைப்பம்பின் சவ்வு, இரும்புக் குழாய் சேஸியில் உரசித் தேய்ந்த இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அண்மையில் ஃபில்டர் மாற்றியிருந்தால் அந்த வளையத்திலிருந்தே தொடங்கலாம். இன்ஜெக்டர்களை இணைக்கும் மெல்லிய திரும்பு குழாய்கள் வெடித்திருந்தாலும் இதே தொல்லை வரும். அவை மலிவானவை, வயதானால் மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் தொல்லை வருகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கக்கூடும்.

எல்லாமே சரியாக இருந்தும் புகை வரவில்லை என்றால், பம்பின் மீதுள்ள, டீசலை விட்டு நிறுத்தும் மின்வால்வான சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அது மெல்லிய சத்தத்துடன் திறக்க வேண்டும்.

கேள்வி: தாழ்வான, வெப்பமான பகுதியில் டீசல் நிரப்பிக்கொண்டு உயரமான மலைப்பகுதிக்குச் சென்றோம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. சில நிமிடங்களில் தானாக அணைந்துவிட்டது. டீசலில் சிறிது பெட்ரோல் கலந்தால் சரியாகும் என்றார்கள். உண்மையா?

பதில்: பெட்ரோல் கலக்க வேண்டாம். டீசலில் இயல்பாகவே மெழுகுப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. குளிர் ஒரு அளவைத் தாண்டும்போது அவை படிகங்களாகப் பிரிந்து ஃபில்டரின் தாளை அடைத்துவிடும். குழாயிலும் ஃபில்டரிலும் மிச்சமிருந்த டீசலில் இன்ஜின் பற்றிக்கொள்ளும். புதிய டீசல் வர வழியில்லாமல் சிறிது நேரத்தில் அணையும். வெப்பமான பகுதிகளுக்காகத் தயாரித்த டீசல் குளிரைத் தாங்காது. ஈஎன் 590 என்ற ஐரோப்பியத் தரநிலை, ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலையை வைத்து, மிதமான தட்பவெப்பத்துக்கான டீசலையே +5 டிகிரியிலிருந்து -20 டிகிரி வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது என்பதிலிருந்து, டீசலுக்கும் டீசலுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதை உணரலாம்.

ஃபில்டரில் இருந்து சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பாருங்கள். முழுவதும் கலங்கி, சூடாக்கியதும் தெளிந்தால் அது மெழுகு. அடியில் தனிப் படலமாகத் தேங்கினால் அது நீர். உறைந்த நீரும் இதே விதமாக வழியை அடைக்கும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. மெழுகாக இருந்தால் ஃபில்டரின் மீது வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடேற்றலாம். நெருப்பை அருகில் கொண்டுபோகவே கூடாது. மெழுகைத் தடுக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும், உறைந்த மெழுகை அவை கரைப்பதில்லை. பெட்ரோல் டீசலின் வழவழப்பைக் கெடுப்பதோடு எளிதில் தீப்பற்றும் ஆவியையும் உண்டாக்குகிறது. டீசலையே மசகாகக் கொண்டு இயங்கும் உயர் அழுத்தப் பம்ப் அதைத் தாங்காது. மண்ணெண்ணெய் கலப்பதும் தயாரிப்பாளரின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே.

கேள்வி: காற்று வடிகட்டியில் ஈதர் ஸ்பிரே அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஈதர் ஏறத்தாழ 160 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அது வெடித்து எதிர்த்து அறைவதால் ரிங்குகளும், அவை உட்காரும் பிஸ்டன் விளிம்புகளும் உடைகின்றன. க்ளோ பிளக்கோ, காற்று நுழையும் வழியில் சூடேற்றும் கம்பிவலையோ சூடாக இருக்கும்போது அடித்தால் தீ வெளியே பாயவும் கூடும். தயாரிப்பாளரே அளவுக் கருவியுடன் ஈதரைப் பொருத்தித் தரும் சில கனரக இன்ஜின்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: என்னுடையது காமன் ரெயில் இன்ஜின் (உயர் அழுத்த டீசலை ரெயில் என்ற பொதுக் குழாயில் தேக்கி, கணினியின் கட்டளைப்படி இன்ஜெக்டர்கள் தெளிக்கும் வகை). சூட்டில் தொல்லையே இல்லை. குளிரில் நெடுநேரம் சுற்றுகிறது. ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியும் இல்லை. இன்ஜெக்டர்கள் போய்விட்டன என்கிறார்கள்.

பதில்: தேய்ந்த இன்ஜெக்டர்களைப் பற்றியும் மேலே பம்பைப் பற்றிச் சொன்னதையே சொல்ல வேண்டும்: அவை சூட்டில்தான் அதிகம் கசியும். சூட்டில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் இன்ஜினில், விலை மிகுந்த இன்ஜெக்டர்களை முதலில் சந்தேகிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிழைக் குறி இல்லை என்பதோடு நிறுத்திவிடாமல், ஸ்கேனரில் நேரலை அளவுகளைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், செல்ஃப் அடிப்பதற்கு முன்பு, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையும் வெளிக் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 2 டிகிரியாக இருக்கும்போது சென்சார் 60 டிகிரி என்று சொன்னால், இன்ஜின் சூடாக இருப்பதாக எண்ணிக் கணினி க்ளோ பிளக்குகளை இயக்காது, கூடுதல் டீசலையும் தராது. 60 என்பது இயல்பில் வரக்கூடிய எண்தான் என்பதால் பிழைக் குறியும் பதிவாகாமல் போகலாம். அடுத்து, செல்ஃப் சுற்றும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்று பாருங்கள். பல இன்ஜின்களில் 200 பார் அளவையாவது எட்டாமல் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காது. அழுத்தம் தாமதமாக ஏறினால் தாழ்வழுத்தப் பக்கத்தில் காற்றோ அடைத்த ஃபில்டரோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு அளவை ஒப்பிட வேண்டும்.

பழைய பம்புகளில் செய்வது போல இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தி ஏர் எடுக்க முயலக் கூடாது. ஓடும் இன்ஜினில் அந்த அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம்.

கேள்வி: கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) குறைந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது?

பதில்: மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, சுற்றும் வேகமும் போதுமானதாக இருந்து, ஸ்டார்ட் ஆனபின்னும் சில நிமிடங்கள் ஒன்றிரண்டு சிலிண்டர்கள் விட்டு விட்டு அடித்து வெள்ளைப் புகை நீடித்தால் அளந்து பார்க்கலாம். அதற்கு முன் வால்வு இடைவெளியைச் சரிசெய்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷனைத் திருடிக்கொண்டிருக்கும், அதைத் திருத்தச் செலவு மிகக் குறைவு. நல்ல நிலையிலுள்ள டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் 28 முதல் 35 பார் வரை வரும். கீழ் எல்லையை உங்கள் இன்ஜினின் கையேட்டில் பார்க்க வேண்டும். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு அதிகம் சொல்லும். ஒன்று மட்டும் 5 பாருக்கு மேல் பின்தங்கியிருந்தால் அங்கே உண்மையான கோளாறு இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் செய்வது போலச் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி அளப்பது டீசலில் தவறான முடிவைத் தரும். எரிப்பறை மிகச் சிறியது என்பதால் ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து எண்ணை உயர்த்திவிடும், சற்று அதிகமானால் பிஸ்டன் முட்டி இணைப்புத் தண்டு வளையவும் கூடும்.

கேள்வி: ஒரே முறையில் எவ்வளவு நேரம் செல்ஃப் அடிக்கலாம்?

பதில்: 10 முதல் 15 நொடி வரை, எந்த நிலையிலும் 30 நொடியைத் தாண்ட வேண்டாம். பிறகு செல்ஃப் மோட்டார் ஆறுவதற்கு இரண்டு நிமிடம் விட்டு, க்ளோ பிளக்குகளை மீண்டும் முழு நேரம் சூடேற்றிய பின்னரே அடுத்த முறை முயல வேண்டும்.